புக் வாங்க பட்ஜெட் இல்லையா? சிம்மக்கல்லில் இருந்து ஆரம்பிக்கலாம்!

மதுரையில் ஒரு பழைய கதை உண்டு. பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் ஒரு சொற்பொழிவுக்காக மதுரை வந்திருந்தார். பேச்சுக்குக் குறிப்பு எடுக்க, ‘திருக்குறளும் கம்பராமாயணமும் கொஞ்சம் கொண்டு வாங்க’ என்று கேட்டாராம். ஊரெல்லாம் தேடியும் கிடைக்கவில்லையாம். சங்கம் வளர்த்த ஊரில் குறளுக்கே பஞ்சமா என்று நொந்துபோனவர்தான், 1901 செப்டம்பர் 14-ம் தேதி மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினார். ‘பாண்டியன் புத்தகசாலை’ என்ற நூலகம் அதில் அமைந்தது. ‘செந்தமிழ்’ இதழும் அடுத்து வந்தது. அந்தச் சங்கம் இன்றும் சிம்மக்கல் பக்கம், தமிழ்ச் சங்கம் சாலையில் இருக்கிறது.

அன்றைக்குப் பிரச்னை, புத்தகம் கிடைக்கவில்லை என்பது. இன்றைக்குப் பிரச்னை வேறு. புத்தகம் எங்கேயும் கிடைக்கிறது, விலையைப் பார்த்தால்தான் கை பின்வாங்குகிறது. நடுத்தரமான ஒரு தமிழ் நாவலே முந்நூறு, நானூறு ரூபாய் ஆகிவிட்டது. மாச சம்பளத்தில் ரூம் வாடகை, பைக் இ.எம்.ஐ., ரீசார்ஜ் எல்லாம் போக, புத்தகத்துக்கு என்ன மிஞ்சும்? ‘பி.டி.எஃப் இருக்கா ப்ரோ?’ என்ற கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது.

ஆனால், திருடாமலும் பர்ஸைக் காலி செய்யாமலும் படிக்க வழி நிறைய இருக்கிறது. சிம்மக்கல்லை மையமாக வைத்து ஒரு ரவுண்டு போய் வருவோம். மதுரைக்காரர்கள் அப்படியே பின்பற்றலாம். மற்ற ஊர்க்காரர்கள் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

1. நீங்கள் ஏற்கெனவே காசு கட்டிவிட்ட இடம்

சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. அந்த வழியாகத் தினமும் பஸ்ஸில் போகிறவர்கள்கூட, ‘அது எக்ஸாமுக்குப் படிக்கிறவங்க இடம்’ என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். அப்படி நினைப்பதில் ஓரளவு நியாயமும் உண்டு. டி.என்.பி.எஸ்.சி, வங்கித் தேர்வு, போலீஸ் தேர்வு என்று காலையிலேயே வந்து இடம் பிடிக்கிறவர்கள்தான் இப்போது மாவட்ட நூலகங்களின் முக்கிய வாசகர்கள். வீட்டில் தனி அறை இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு மேஜை, ஒரு ஃபேன், கொஞ்சம் அமைதி கிடைப்பது பெரிய விஷயம்.

ஆனால், அதே கட்டடத்தில் ‘நூல் இரவல் பிரிவு’ என்று ஒன்று உண்டு. நாவல், சிறுகதை, வரலாறு, கவிதை என்று அலமாரி அலமாரியாக இருப்பவற்றை வீட்டுக்கு எடுத்துப் போகும் இடம் அதுதான்.

இதற்கு நீங்கள் ஏற்கெனவே காசு கட்டியாகிவிட்டது என்பது தெரியுமா? சென்னை மாகாணத்தில் 1948-ல் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். அதன் பின்னால் இருந்த மூளை, சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். உள்ளாட்சி அமைப்புகள் வசூலிக்கும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்து வர வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் உயிர்நாடி. இன்று அது சொத்து வரியில் 10 சதவீதம். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், அதில் நூலக வரியும் அடக்கம். வாடகை வீட்டில் இருந்தாலும், ஓனர் அதை உங்கள் வாடகையில்தானே சேர்த்து வாங்குகிறார்? ஆக, வாசலைத் தாண்டி உள்ளே போகாதவர்கள் கட்டிய டிக்கெட்டைக் கிழிக்காமலேயே வைத்திருக்கிறார்கள்.

உறுப்பினராவது சுலபம். முகவரிச் சான்று நகல், சிறிய காப்புத்தொகை, அதைவிடச் சிறிய ஆண்டுச் சந்தா. விண்ணப்பத்தை அங்கேயே கேட்டு வாங்கலாம். எடுக்கும் புத்தகத்தை வழக்கமாக 15 நாள் வைத்துக்கொள்ளலாம், தேவைப்பட்டால் புதுப்பிக்கலாம். வார விடுமுறை நூலகத்துக்கு நூலகம் மாறும். கிளை நூலகங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். முதல் தடவை போகும் முன் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

பெரியாரிலிருந்து சிம்மக்கல் வழியாக நிறைய டவுன் பஸ் உண்டு. பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் டிக்கெட்டும் கிடையாது. ஆக, ஒரு கல்லூரி மாணவி பைசா செலவில்லாமல் போய், நாவலோடு திரும்பலாம்.

உள்ளே போனதும் மூன்று விஷயங்கள்:

• தேடும் புத்தகம் அலமாரியில் இல்லையென்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். நூலகரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். யாராவது எடுத்துப் போயிருக்கலாம், இடம் மாறி இருக்கலாம், பைண்டிங்குக்குப் போயிருக்கலாம்.

• விலை கூடிய, கனமான புத்தகங்களை நூலகத்தில் எடுங்கள். உதாரணத்துக்கு, மதுரையின் கதையைச் சொல்லும் சு.வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’. ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் நாவல், 2011-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கியது. வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்க இரவல் நல்ல வழி.

• ஒரு தடவையாவது தெரியாத எழுத்தாளர் ஒருவரை எடுத்து வாருங்கள். பிடிக்கவில்லையென்றால் நஷ்டம் ஒன்றும் இல்லை. கடையில் இந்தத் தைரியம் வராது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தமிழின் சிறு பதிப்பகங்கள் பல, பொது நூலகத் துறை வாங்கும் பிரதிகளை நம்பித்தான் ஓடுகின்றன. அப்படி வாங்கிய புத்தகம் யாரும் தொடாமல் தூசி படிந்து நின்றால், ‘இதையெல்லாம் எதுக்கு வாங்கணும்?’ என்ற கேள்வி வரும். ரங்கநாதன் 1931-ல் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதல் விதியே, ‘புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே’ என்பதுதான். இரவல் பதிவேட்டில் விழும் ஒவ்வொரு பதிவும் அந்த அலமாரிக்கு நாம் போடும் ஓட்டு.

2. பெரிய நூலகம், சின்ன நூலகம்

புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்டது. 2 லட்சத்து 13 ஆயிரம் சதுர அடிக்கு மேல் பரப்பு. குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, போட்டித் தேர்வுப் பகுதி, பார்வையற்றோருக்கான பிரெய்ல் பகுதி எல்லாம் உண்டு. உள்ளே போய் உட்கார்ந்து படிக்கக் கட்டணம் இல்லை. ஒரு சனிக்கிழமையை அங்கே கழித்தால், எந்தப் புத்தகம் நமக்கு ஒத்துவரும் என்று முழுசாகப் புரட்டிப் பார்த்து முடிவு செய்யலாம். வாங்க வேண்டியதை அங்கே தேர்ந்தெடுங்கள், படிக்க வேண்டியதைச் சிம்மக்கல்லில் இரவல் எடுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை.

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி பக்கம் இருப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் மதுரை வர வேண்டியதில்லை. கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் எது பக்கத்தில் இருக்கிறது என்று விசாரியுங்கள். 2006-ல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். அவற்றில் பல பூட்டிக் கிடக்கின்றன என்பதும் உண்மை. உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்தால், கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். ‘லைப்ரரியைத் திறங்க’ என்று நாலு இளைஞர்கள் சேர்ந்து மனு கொடுத்தால் அதற்கு எடை உண்டு.

வீட்டில் வயதான தாத்தா பாட்டியோ, நடக்க முடியாதவர்களோ இருந்தால், ‘நூலக நண்பர்கள்’ திட்டம் பற்றிக் கேளுங்கள். 2022-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில், தன்னார்வலர்கள் நூலகப் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டு கொடுக்கிறார்கள். நேரம் இருந்தால் நீங்களே அந்த நண்பர் ஆகலாம். இது நமக்குப் புதிய யோசனையும் இல்லை. மன்னார்குடியில் 1931 அக்டோபரிலேயே எஸ்.வி.கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அந்த வண்டியைத் தொடங்கி வைத்தவர் இதே ரங்கநாதன்தான்.

3. பழைய புத்தகம்: எங்கே, எப்படி?

மதுரைக்காரர்களுக்குப் புத்தகக் கடை என்றால் பல தலைமுறைகளாக ஒரே விலாசம்தான்: மீனாட்சியம்மன் கோயில் எதிரே புது மண்டபம். திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தின் தூண்களுக்கு நடுவே தையல் மெஷின்களும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளும் கலந்துகட்டி இருந்தன. மண்டபத்தின் பழமையைக் காப்பாற்றுவதற்காக அந்தக் கடைகள் பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின. பழைய வாடிக்கையாளர்கள் மண்டபத்துக்குப் போய் ஏமாந்து நிற்காமல், நேராகச் சத்திரத்துக்குப் போங்கள்.

பழைய புத்தகக் கடைக்காரர்களுக்கு இப்படி இடம் மாறுவது புதிதல்ல. சென்னை மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தபோது கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. டெல்லி தரியாகஞ்ச் நடைபாதை ஞாயிறு சந்தையும் 2019-ல் இடம் மாறியது. எங்கே போனாலும் வாசகர்கள் தேடிப் போவதால்தான் இந்தக் கடைகள் பிழைக்கின்றன.

இன்னொரு இடம், உங்கள் தெருவிலேயே இருக்கும் பழைய பேப்பர் கடை. எடைக்கு எடுத்த புத்தகங்கள் மில்லுக்குப் போகும் முன் சில நாள் அங்கேதான் கிடக்கும். ‘அண்ணே, கதைப் புத்தகம் வந்தா எடுத்து வைங்க’ என்று கடைக்காரரிடம் சொல்லி, எடை விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் போதும். அவருக்கு லாபம், உங்களுக்கு அதிர்ஷ்டம். ஒரு வீட்டில் பெரியவர் காலமான பிறகு, அவர் ஐம்பது வருஷம் சேர்த்த புத்தகங்கள் மொத்தமாக இந்தக் கடைகளுக்குத்தான் வந்து சேர்கின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா இப்படிப் பழைய புத்தகம், துண்டுப் பிரசுரம், நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையெல்லாம் சேர்த்தார். சென்னையில் 1994-ல் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அந்தச் சேகரிப்பின் மீது எழுந்ததுதான்.

இங்கே கண்ணில் பட்டால் விடக் கூடாத ஒரு வகை உண்டு: பைண்டு புத்தகம். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைப் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் தைத்து அட்டை போட்டு வைப்பது நம் பாட்டிமார் காலத்துப் பழக்கம். ஒரிஜினல் ஓவியங்களோடு, பின்பக்கத்து விளம்பரங்களோடு இருக்கும். புதுப் பதிப்பில் இந்தச் சுகம் கிடைக்காது.

வாங்கும் முன் ஒரு நிமிட செக்கப்:

• முதல் பக்கம், கடைசிப் பக்கம், நடுவில் நாலு இடம் புரட்டுங்கள். துப்பறியும் கதையில் கடைசி எட்டுப் பக்கம் இல்லையென்றால் தூக்கம் போச்சு.

• சன்னமான ஓட்டை, பக்கத்தில் மாவு மாதிரித் தூசி தெரிந்தால் பூச்சி இருக்கிறது. வீட்டு அலமாரிக்குள் விடாதீர்கள்.

• எழுத்து மங்கல், பக்கம் சாய்ந்து அச்சாகியிருப்பது, அட்டைப் படம் தெளிவில்லாதது எல்லாம் திருட்டுப் பதிப்பின் அடையாளம். ஆங்கில பெஸ்ட் செல்லர்களில் இது அதிகம். பழைய ஒரிஜினலை வாங்குவதும் விற்பதும் சட்டப்படி சரி. ஒருமுறை விற்ற பிரதியைக் கைமாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. திருட்டு அச்சு அப்படி இல்லை.

• போட்டித் தேர்வுக்குப் பள்ளிப் பாடப்புத்தகம் தேடுகிறவர்கள் அச்சான ஆண்டைப் பாருங்கள். 2018 முதல் பாடத்திட்டம் படிப்படியாக மாறியது. அதற்கு முந்தைய பதிப்பு பாதி விலை என்றாலும் வேண்டாம். புதிய பாடப்புத்தகங்கள் எல்லாம் அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

4. தமுக்கத்துக்குத் திட்டத்தோடு போங்கள்

மதுரைப் புத்தகத் திருவிழா தமுக்கத்தில் நடக்கும். பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் வரும். வழக்கமான தள்ளுபடி 10 சதவீதம். ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினால் நூறு மிச்சம். டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி பக்கம் ஒதுங்கினால் அந்த நூறும் போய்விடும்!

எனவே, உண்மையான லாபம் தள்ளுபடியில் இல்லை, பதிப்பை ஒப்பிடுவதில் இருக்கிறது. நாட்டுடைமையான நூல்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ அப்படித்தான் பல பதிப்பகங்களில், பல விலைகளில் கிடைக்கிறது. ஒரு ரவுண்டு சுற்றி விலை பார்த்துவிட்டு இரண்டாவது ரவுண்டில் வாங்குங்கள். ஐந்து பாகமும் முழுசாக இருக்கிறதா, சுருக்கப் பதிப்பா என்று கட்டாயம் கேளுங்கள். ரொம்ப மலிவாக இருந்தால் எழுத்துப் பிழையும் இருக்கலாம், நாலு பக்கம் படித்துப் பாருங்கள்.

நேஷனல் புக் டிரஸ்ட், சாகித்ய அகாடமி, அரசுப் பதிப்புகள் இருக்கும் ஸ்டால்களில் கூட்டம் குறைவாக இருக்கும், விலையும் குறைவாக இருக்கும். திருவிழா வரும்வரை காத்திருக்க முடியாதவர்கள் மேல வெளி வீதி சர்வோதய இலக்கியப் பண்ணைக்குப் போகலாம். காந்தியின் ‘சத்திய சோதனை’ போன்ற மலிவுப் பதிப்புகளுக்குப் பெயர் பெற்ற கடை.

மலிவுப் பதிப்பு என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். 1950-களில் ‘சக்தி’ வை.கோவிந்தன் பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்தார். மர்ரே எஸ்.ராஜம் சங்க இலக்கியத்தையும் கம்பனையும் சந்தி பிரித்து, சாதாரண ஆள் வாங்கும் விலையில் போட்டார். 1969-ல் ‘ராணி முத்து’ அகிலனின் ‘பொன்மலர்’ நாவலோடு தொடங்கி, மாதம் ஒரு நாவலைப் பெட்டிக்கடைக்கே கொண்டு வந்தது. பஸ் ஸ்டாண்டில் பாக்கெட் நாவல் வாங்கிப் படித்த நம் அப்பா அம்மாவின் வாசிப்பெல்லாம் இந்த வழியில் வந்ததுதான்.

5. போனிலேயே, சட்டப்படி, இலவசம்

மதுரையின் பெயரில் உலகம் முழுக்கப் படிக்கும் நூலகம் ஒன்று உண்டு. ‘மதுரைத் திட்டம்’, பலருக்கு ‘ப்ராஜெக்ட் மதுரை’. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த கு.கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய தன்னார்வ முயற்சி. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் வேலை நேரம் போக உட்கார்ந்து, சங்க இலக்கியம் முதல் நாவல்கள் வரை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். சங்கம் இருந்த ஊர் என்பதால் மதுரை என்று பெயர் வைத்தார்கள்.

இதோடு தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம், ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம், ஈழத்து நூல்களுக்கு 2005-ல் தொடங்கிய நூலகம் தளம் எல்லாம் இருக்கின்றன. லாகின், சந்தா எதுவும் இல்லாமலே ஏராளமான நூல்களைப் படிக்கலாம்.

எது இலவசம் என்பதற்கு எளிய கணக்கு: இந்தியச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் முடிந்தால் படைப்பு பொதுச் சொத்து. அதற்கு முன்பே அரசு குடும்பத்துக்குப் பணம் கொடுத்து நாட்டுடைமை ஆக்கினால், அதுவும் எல்லோருக்கும் சொந்தம். பாரதியார் படைப்புகளின் உரிமையை அரசு 1949-ல் பெற்றது. பின்னர் கல்கி, புதுமைப்பித்தன் என்று பட்டியல் நீண்டது. ஆக, நாட்டுடைமையான நூல்களை மட்டுமே படித்தாலும் பல வருஷம் ஓடும்.

டெலிகிராமில் வரும் நேற்று வெளியான நாவலின் பி.டி.எஃப் வேறு கதை. தமிழ் எழுத்தாளருக்கு ராயல்டி, பொதுவாக அட்டை விலையில் பத்து சதவீதம் அளவுதான். 300 ரூபாய்ப் புத்தகத்துக்கு 30 ரூபாய். ஒரு டீயும் வடையும். அதுவும் சில நூறு பிரதிகள் அச்சிடும் சந்தையில். ஸ்கேன் செய்த ஒரு ஃபைல் ஆயிரம் பேருக்குப் போனால், அடுத்த புத்தகத்தை அவர் எழுதலாம், பதிப்பாளர் அச்சிட யோசிப்பார். காசு இல்லை என்றால் நூலகத்தில் கேளுங்கள், நண்பரிடம் வாங்குங்கள், ஆறு மாதம் பொறுத்துப் பழைய பிரதி தேடுங்கள். இந்த மூன்றிலும் யார் வயிற்றிலும் அடி விழாது.

6. பத்துப் பேர், பத்துப் புத்தகம்

ஹாஸ்டலிலோ ஆபீஸிலோ பத்து நண்பர்கள். ஆளுக்கு ஒரு புத்தகம் வாங்குகிறார்கள். மாதம் ஒருமுறை கைமாற்றினால், பத்து மாதத்தில் ஒவ்வொருவரும் பத்துப் புத்தகம் படித்திருப்பார்கள். செலவு ஒரு புத்தகத்துக்கு மட்டும். கணக்கு இவ்வளவு அழகாக இருந்தும் இந்த மாதிரி குழுக்கள் மூன்றாவது மாதமே படுத்துவிடுகின்றன. காரணம், ‘தர்றேன் தர்றேன்’ என்று தராதவர்கள். அதனால் முதல் நாளே சில விதிகள் வேண்டும்:

• ஒரு நோட்டு போடுங்கள். புத்தகம், கொடுத்தவர், வாங்கியவர், தேதி. வாட்ஸ்அப் மெசேஜ் மேலே போய்விடும், நோட்டு போகாது.

• தொலைத்தால் புதிய பிரதி வாங்கித் தர வேண்டும். நண்பன் என்றாலும் விதி விதிதான்.

• மறக்க முடியாத, பரிசாக வந்த, கையெழுத்து வாங்கிய புத்தகத்தைக் குழுவில் விடாதீர்கள். மனஸ்தாபம் வேண்டாம்.

• அடிக்கோடு போடலாமா கூடாதா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பென்சில் மட்டும் என்பது நல்ல சமரசம்.

• மாற்றும் நாளில் அரை மணி நேரம் புத்தகத்தைப் பற்றிப் பேசுங்கள். ராஜாஜி பூங்கா புல்வெளி போதும், காபி ஷாப் தேவையில்லை.

இதையே கொஞ்சம் பெரிதாக்கியதுதான் அந்தக் கால வாடகை நூலகம். புத்தக விலையில் பத்து சதவீதம் வாடகை என்பது பொதுவான கணக்கு. ராஜேஷ்குமார், ரமணிசந்திரன் நாவல்களைத் தெருத்தெருவாகக் கொண்டு சேர்த்தவை அந்தக் கடைகள். தூத்துக்குடியில் ஒருவர் தன் சலூனிலேயே நூலகம் வைத்து, படிக்கும் வாடிக்கையாளருக்குக் கட்டணத்தில் சலுகையும் தருகிறார். 2020-ல் பிரதமரின் வானொலி உரையில் இடம்பிடித்த சலூன் அது. காத்திருக்கும் இடம் எதுவும் நூலகம் ஆகலாம். டீக்கடை, மெஸ், டியூஷன் சென்டர் வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம்.

கைமாறும் ஒரு பிரதி என்ன செய்யும் என்பதற்குத் தமிழில் பெரிய சாட்சி உண்டு. 1880-ல் கும்பகோணத்தில் சேலம் ராமசாமி முதலியார், உ.வே.சாமிநாதையரிடம் சீவகசிந்தாமணிப் பிரதி ஒன்றைக் கொடுத்தார். ஏழு ஆண்டு உழைப்புக்குப் பிறகு 1887-ல் அது அச்சில் வந்தது. தொடர்ந்து பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு என்று உ.வே.சா. பதிப்பித்துக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் ஆரம்பம், ஒருவர் இன்னொருவர் கையில் கொடுத்த புத்தகம்.

7. படித்து முடித்தாச்சா? அடுத்தவருக்குக் கொடுங்கள்

வீடு மாற்றும்போது முதலில் எடைக்குப் போவது புத்தகம்தான். கொடுப்பதற்கு முன் பிரித்து வையுங்கள். பூச்சி அரித்தது, பக்கம் இல்லாதது, பத்து வருஷம் பழைய கைடு எல்லாம் யாருக்கும் பயன்படாது. அவற்றைப் பேப்பர் கடைக்கே அனுப்பலாம். உங்கள் தம்பிக்குக் கொடுக்கத் தயங்குவதை நூலகத்துக்கும் கொடுக்காதீர்கள்.

நல்லவற்றுக்கு இடம் நிறைய. கிளை நூலகத்தில் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். அரசுப் பள்ளியின் தமிழாசிரியரிடம் சிறுவர் நூல்களைக் கொடுக்கலாம். தேர்வில் வென்றவர்கள் தங்கள் புத்தகங்களை, அதே நூலக மேஜையில் பக்கத்தில் உட்கார்ந்து படித்த தம்பி தங்கைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஆயிரக்கணக்கில் செலவழிக்க முடியாத ஒருவருக்கு அந்த செட் ஒரு வருஷத்தைக் காப்பாற்றும்.

சிறை நூலகங்களையும் மறக்க வேண்டாம். 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை, ‘கூண்டுக்குள் வானம்’ என்ற பெயரில் ஸ்டால் போட்டுக் கைதிகளுக்காகப் புத்தகம் வாங்கிக்கொண்டது. மதுரை மத்திய சிறை நூலகத்துக்கு நடிகர் விஜய் சேதுபதி 1,000 புத்தகங்கள் கொடுத்ததும் செய்தியானது. நாம் பத்துக் கொடுத்தால் போதும்.

பணமாகக் கொடுக்க நினைப்பவர்கள் 1,000 ரூபாய் கட்டி நூலகத்தின் புரவலர் ஆகலாம். முதல் சம்பளத்தில் அம்மா, அப்பா பெயரில் செய்யும் நல்ல செலவு இது.

வெளியூர் நண்பருக்கு அனுப்ப வேண்டுமா? அஞ்சல் துறையின் பதிவு புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டபோது பதிப்பாளர்களும் வாசகர்களும் தவித்துப்போனார்கள். பிறகு 2025 மே 1 முதல் ‘கியான் போஸ்ட்’ வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. அச்சிட்டவர் அல்லது பதிப்பாளர் பெயர் உள்ள நூலாக இருக்க வேண்டும், விளம்பரச் சரக்கு கூடாது. தரைவழியில் போவதால் கொஞ்சம் மெதுவாகத்தான் போய்ச் சேரும். கடிதத்தை உள்ளே சொருகாதீர்கள், தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

8. எல்லாம் சரி, படிக்க நேரம்?

நூலகத் தவணை 15 நாள். ஒரு நாளைக்கு 20 பக்கம் என்றால் 15 நாளில் 300 பக்கம். அதாவது, அபராதம் கட்டாமல் ஒரு நாவலை முடிக்க நாளொன்றுக்கு 20 பக்கம் போதும். தூங்கும் முன் ரீல்ஸுக்குப் போகும் நேரத்தில் பாதிகூட ஆகாது. மாதம் இரண்டு புத்தகம், வருஷத்துக்கு இருபத்து நாலு.

பழக்கம் விட்டுப்போனவர்கள் ஆயிரம் பக்க நாவலில் தொடங்க வேண்டாம். சிறுகதைத் தொகுப்பு எடுங்கள். ஒரு பஸ் பயணத்துக்கு ஒரு கதை. பிடிக்காத புத்தகத்தை ஐம்பது பக்கத்தில் மூடி வைப்பது குற்றம் இல்லை.

மாதம் 200 ரூபாய் ஒதுக்க முடிந்தால் இப்படிப் பிரிக்கலாம்: 100 ரூபாய் பழைய புத்தகத்துக்கு. மீதி 100-ஐச் சேர்த்து வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயிரோடு இருக்கும் ஓர் எழுத்தாளரின் புதிய புத்தகம் ஒன்று. மற்றதெல்லாம் நூலகம், நண்பர்கள், மதுரைத் திட்டம். அந்த 200-ம் முடியாத மாதத்தில் சிம்மக்கல் நூலகக் கார்டு மட்டும் போதும்.

சிம்மக்கல்லிலிருந்து நடக்கிற தூரத்தில், வடக்கு வெளி வீதி சேதுபதி பள்ளியில் 1904-ல் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தார் பாரதி. அவருடைய எழுத்து முழுவதும் இன்று உங்கள் போனில் இலவசம், நூலகத்தில் இரவல், தமுக்கத்தில் மலிவுப் பதிப்பு. அடுத்த தடவை பஸ் சிம்மக்கல் ஸ்டாப்பில் நிற்கும்போது, முகவரிச் சான்று நகல் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள்.